நிகர லாபம் 40 சதவீதம் கூடியிருக்கிறதே, அது நல்ல நிறுவனம்தானே? வருமான அறிக்கையைப் படிக்கும் முறை

கேள்வி இதுதான்: ஒரு நிறுவனத்தின் விற்பனை ஒரே ஆண்டில் 25 சதவீதமும் நிகர லாபம் 40 சதவீதமும் கூடியிருக்கின்றன. வருமான அறிக்கையை மட்டும் வைத்து, அது உண்மையிலேயே நன்றாகச் சம்பாதிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அறிக்கையில் கலப்படம் அதிகம் சேரும் இடமே கடைசி வரியான நிகர லாபம்தான். தொழில் நடத்திச் சம்பாதித்தது, நிலம் விற்று வந்தது, வங்கியில் போட்ட பணத்துக்கு வந்த வட்டி, வரியில் கிடைத்த சலுகை எல்லாம் அங்கே ஒரே எண்ணாகக் கரைந்துவிடும். அதனால் மேலிருந்து படிப்படியாக இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையில் எவ்வளவு தங்கியது, எங்கே ஒழுகியது, தங்கியது அடுத்த ஆண்டும் வருமா என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

கேள்வியில் சொன்ன அதே வளர்ச்சி உள்ள ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் எண் போன ஆண்டு, இரண்டாவது இந்த ஆண்டு, எல்லாம் கோடியில்.

விற்பனை வருவாய்: 800, 1,000
விற்ற பொருளின் அடக்கச் செலவு: 480, 640
மொத்த லாபம்: 320, 360
சம்பளம், விற்பனை, நிர்வாகச் செலவு: 180, 220
தேய்மானம்: 40, 50
செயல்பாட்டு லாபம்: 100, 90
இதர வருமானம்: 10, 50
வட்டி: 20, 30
வரிக்கு முந்தைய லாபம்: 90, 110
வரி: 27, 22
நிகர லாபம்: 63, 88

63 எங்கே, 88 எங்கே! 40 சதவீத வளர்ச்சி சரிதான். ஆனால் நடுவில் இருக்கும் செயல்பாட்டு லாபத்தைப் பாருங்கள். 100 இருந்தது 90 ஆகிவிட்டது. விற்பனை கால் பங்கு கூடிய ஆண்டில், தொழிலில் இருந்து வந்த லாபம் 10 சதவீதம் குறைந்திருக்கிறது. செயல்பாட்டு மார்ஜின், அதாவது விற்பனையில் இந்த லாபம் எத்தனை சதவீதம் என்பது, 12.5 சதவீதத்திலிருந்து 9 சதவீதம். நிகர லாபம் ஏறியதெல்லாம் அதற்குக் கீழே உள்ள வரிசைகள் செய்த வேலை. இனி ஒவ்வொரு வரியாக.

முதல் வரியான விற்பனையை எல்லோரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அங்கேயே கேள்விகள் உண்டு. நிறுவனம் பொருளைத் தானே வாங்கி விற்கிறதா, இல்லை பிறர் பொருளை விற்றுக் கொடுத்து கமிஷன் எடுக்கிறதா? கமிஷன்காரர் முழு விலையையும் தன் விற்பனையாகக் காட்டினால் டர்ன்ஓவர் ஊதிப்போகும். கடைகளின் சலுகைக் கூப்பன்களை இணையத்தில் விற்கும் குரூப்பான் நிறுவனம் 2011இல் பங்குச் சந்தைக்கு வரும் முன், 2010ஆம் ஆண்டுக்கு 71.3 கோடி டாலர் வருவாய் காட்டியிருந்தது. கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கைக் கழித்துத் திருத்தியபோது அது 31.3 கோடி டாலராக இறங்கியது. லாபமோ நட்டமோ ஒரு காசுகூட மாறவில்லை. ஆனால் விற்பனையை அடியில் வைத்து வகுக்கும் எல்லா விகிதமும் மாறிவிட்டது. இரு நிறுவனங்களின் மார்ஜினை ஒப்பிடும் முன் வருவாய் அங்கீகாரக் கொள்கை என்ற குறிப்பைப் படித்துவிடுங்கள்.

விற்பனை கூடியது விலையாலா, எண்ணிக்கையாலா என்பது அடுத்த கேள்வி. இது தெரியாமல் மொத்த லாப மார்ஜினைப் படித்தால் தப்பாகத்தான் படிப்போம். நம் நிறுவனத்தின் மொத்த லாப மார்ஜின் 40 சதவீதத்திலிருந்து 36 ஆகச் சரிந்திருக்கிறது. போட்டியாளர்கள் விலையை உடைக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு பொருளின் விலை 100, அடக்கம் 60 என்று இருந்தது. மூலப்பொருள் விலை ஏறி அடக்கம் 70 ஆனது. நிறுவனமும் விலையை 110 ஆக்கிவிட்டது. ஒரு பொருளுக்கு மிஞ்சுவது அன்றும் 40, இன்றும் 40. ஆனால் மார்ஜின் 40 சதவீதத்திலிருந்து 36.4 ஆகிவிடும். இங்கே யாரும் விலையை உடைக்கவில்லை. வகுக்கும் எண் பெரிதாகிவிட்டது, அவ்வளவே.

நம் நிறுவனமும் விலையை 10 சதவீதம் ஏற்றியிருந்தால், விற்ற எண்ணிக்கை சுமார் 13.6 சதவீதம் கூடியிருக்கும். மொத்த லாபம் 320இலிருந்து 360, அதாவது 12.5 சதவீதம் கூடியிருக்கிறது. ஒரு பொருளுக்கான லாபம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. மாறாக, விலையே ஏறாமல் எண்ணிக்கை மட்டும் 25 சதவீதம் கூடியிருந்தால் ஒவ்வொரு பொருளிலும் லாபம் 10 சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஒரே 36 சதவீதத்துக்கு எதிரெதிரான இரண்டு கதைகள். எது உண்மை என்பது வருமான அறிக்கையில் இருக்காது. எத்தனை டன், எத்தனை வண்டி, எத்தனை சந்தாதாரர் என்ற எண்ணிக்கை நிர்வாகத்தின் ஆய்வுரையிலோ காலாண்டு விளக்கத்திலோதான் கிடைக்கும். அதைத் தேடி எடுக்காமல் மார்ஜினைப் பற்றிப் பேசுவதே வீண்.

மொத்த லாபம் என்ற வரியே இல்லாத அறிக்கைகளும் நிறைய. செலவை வேலைவாரியாகப் பிரிக்காமல் வகைவாரியாகப் பிரிக்கும் முறையில் மூலப்பொருள், ஊழியர் சம்பளம், தேய்மானம், பிற செலவுகள் என்று வரிசை போகும். அங்கே விற்பனையிலிருந்து மூலப்பொருள் செலவையும், விற்க வாங்கிய சரக்கின் செலவையும், சரக்கிருப்பு மாற்றத்தையும் கழித்து நாமே கணக்கிட வேண்டும். இதில் தொழிற்சாலைக் கூலி சேராது. ஆகவே மற்ற முறையில் எழுதிய நிறுவனத்தின் மொத்த லாபத்தோடு இதைப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

சரக்கிருப்பு மாற்றம் என்ற அந்த வரியில் ஒரு நிமிடம் நில்லுங்கள், ஏனென்றால் விற்காமலே லாபம் கூடுவது இங்கேதான். தொழிற்சாலையின் நிலைச் செலவு ஆண்டுக்கு 60 கோடி. 10 லட்சம் பொருள் செய்தால் ஒன்றின் தலையில் 600 விழும். 15 லட்சம் செய்தால் 400தான் விழும். இரண்டு நிலையிலும் விற்றது 10 லட்சமே என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் 60 கோடியும் இந்த ஆண்டின் செலவு. இரண்டாவதில் 40 கோடிதான் செலவாக வரும். மீதி 20 கோடி கிடங்கில் கிடக்கும் 5 லட்சம் பொருளோடு சேர்ந்து சொத்தாக உட்கார்ந்துவிடும். கூடுதலாக ஒரு பொருளைக்கூட விற்காமல் லாபம் 20 கோடி கூடிவிட்டது. கணக்கு விதிப்படி இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சரக்கு அடுத்த ஆண்டும் நகராவிட்டால், மதிப்பைக் குறைத்து எழுதும்போது வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். மார்ஜின் கூடிய அதே ஆண்டில் சரக்கிருப்பு விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருந்தால் அந்த மார்ஜினை நான் நம்ப மாட்டேன்.

அடுத்து நிர்வாகச் செலவுகள். நம் நிறுவனத்தில் 180லிருந்து 220, அதாவது 22 சதவீத ஏற்றம். விற்பனையோடு ஒப்பிட்டால் 22.5 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைந்தது போலத் தெரியும். ஆனால் மேலே சொன்னபடி விலை 10 சதவீதம் ஏறியிருந்தால், எண்ணிக்கை 13.6 சதவீதம் கூடியதற்கு அலுவலகச் செலவு 22 சதவீதம் கூடியிருக்கிறது. அப்படியானால் ஒழுகல் இங்கேதான். விளம்பரத்துக்குப் போனதா, ஆள் சேர்ப்புக்குப் போனதா, சரக்குப் போக்குவரத்துக்குப் போனதா என்று பிற செலவுகள் குறிப்பில் பிரித்துப் பாருங்கள். இன்னொரு பக்கமும் உண்டு. விளம்பரத்தையும் ஆராய்ச்சியையும் வெட்டினால் அந்த ஆண்டு லாபம் அழகாக ஏறும். விலையை இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கொடுக்க வேண்டியிருக்கும். மார்ஜின் ஏறியது அடக்கம் குறைந்ததாலா, விதைநெல்லைத் தின்றதாலா என்று பிரித்துப் பார்க்காமல் விடக் கூடாது.

செலவைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதுவது இன்னொரு வழி. அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம், பிற தொலைபேசி நிறுவனங்களின் இணைப்புகளுக்குக் கட்டிய கட்டணத்தை மூலதனச் செலவாக எழுதி, சுமார் 380 கோடி டாலர் செலவை மறைத்திருந்தது 2002 ஜூனில் வெளியே வந்தது. அது அப்பட்டமான மோசடி. விதிக்கு உட்பட்டே நடப்பதும் உண்டு: சர்வதேசக் கணக்குத் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ்ஸில், நிபந்தனைகள் பூர்த்தியானால், ஒரு பொருளை உருவாக்கும் கட்டத்துச் செலவைச் சொத்தாகக் காட்ட வேண்டும், அமெரிக்க விதியில் ஆராய்ச்சி, மேம்பாட்டுச் செலவு பெரும்பாலும் அந்தந்த ஆண்டின் செலவு. இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் ஒரே அளவு செலவழித்தாலும் ஒன்று லாபமும் மற்றொன்று நட்டமும் காட்டலாம். அந்த ஆண்டில் எவ்வளவு இப்படிச் சொத்தாக எழுதப்பட்டது என்பது குறிப்பிலும் பணப்பாய்வு அறிக்கையிலும் இருக்கும். அதை லாபத்திலிருந்து கழித்துவிட்டு, ஏற்கெனவே கழித்திருக்கும் தள்ளுபடியை (அந்தச் சொத்தில் ஆண்டுதோறும் செலவாக எழுதும் பங்கை) திரும்பச் சேர்த்து ஒப்பிடுங்கள்.

தேய்மானத்தில் ஒரே ஒரு விஷயம்: ஆயுட்காலம். 100 கோடி இயந்திரத்துக்கு 10 ஆண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்கு 10 கோடி. அதை 20 ஆண்டு என்று மாற்றினால் 5 கோடி. குறிப்பில் ஒரு வரி மாறியதும் லாபம் 5 கோடி ஏறிவிடும். ஆயுட்கால மதிப்பீடு மாறிய ஆண்டின் லாப வளர்ச்சியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எபிட்டா என்று நிர்வாகங்கள் ஆசையாகச் சொல்லும் எண், வட்டி, வரி, தேய்மானம், தள்ளுபடி எல்லாவற்றுக்கும் முந்தைய லாபம். நம் நிறுவனத்துக்கு அது 140 இருந்தது, 140ஆகவே இருக்கிறது. செயல்பாட்டு லாபத்தின் சரிவை இது மறைத்துவிடுகிறது, பாருங்கள். இயந்திரம் தேய்வது நிஜம். மாற்றும்போது பணம் கொடுத்தாக வேண்டும். தவிர, 2019 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ் 16 விதியால் பெரும்பாலான வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் உடைந்து எபிட்டாவுக்குக் கீழே போய்விட்டது. நூற்றுக்கணக்கான வாடகைக் கடைகள் நடத்தும் நிறுவனத்தின் எபிட்டா, ஒரு புதுக் கடையும் திறக்காமல் அந்த ஆண்டு குதித்தது. அமெரிக்க விதியில் சாதாரணக் குத்தகை வாடகை இன்றும் செயல்பாட்டுச் செலவாகவே இருக்கிறது. எனவே இரண்டு விதிகளில் எழுதிய எபிட்டாக்களை நேரடியாக ஒப்பிட முடியாது. "சரிக்கட்டிய" எபிட்டா என்று இருந்தால் இன்னும் உஷார்: பெரும்பாலும் ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குகளின் மதிப்பைச் செலவில்லை என்று ஒதுக்கியிருப்பார்கள். அதுவும் சம்பளம்தான்.

செயல்பாட்டு லாபம் என்ற சொல்லுக்கே சர்வதேசத் தரத்தில் இதுவரை கட்டாய வரையறை இல்லை. ஐ.எஃப்.ஆர்.எஸ் 18 என்ற புதிய விதி 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அதை வரையறுத்து, தனி வரியாகக் காட்டச் சொல்கிறது. அதுவரை ஒருவர் இதர வருமானத்தை அதற்குள் சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்க மாட்டார். நாமே கூட்டிக் கழித்துக்கொள்வதே நல்லது.

இப்போது கீழ்ப் பகுதி. நம் நிறுவனத்தின் இதர வருமானம் 10லிருந்து 50 ஆனது. குறிப்பைப் புரட்டினால் அதில் 42 கோடி நிலம் விற்ற லாபம் என்று வைத்துக்கொள்வோம். வரி விகிதமும் 30 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்திருக்கிறது. இரண்டையும் சரிசெய்வோம். 110இல் 42ஐக் கழித்தால் 68. அதற்கு வழக்கமான 30 சதவீத வரி 20.4. மிச்சம் 47.6. தலைப்புச் செய்தி 63 என்ற எண் 88 ஆனது என்று சொல்கிறது. தொழில் சொல்வது 63 என்ற எண் 48க்கும் கீழே வந்துவிட்டது என்று. 40 சதவீத ஏற்றம் என்று படித்தது உண்மையில் 24 சதவீத இறக்கம்.

வரி விகிதம் ஏன் குறைந்தது என்பதற்கு, சட்ட விகிதப்படி வர வேண்டிய வரிக்கும் கணக்கில் காட்டிய வரிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் வரிச் சமரசக் குறிப்பு என்று ஒன்று பெரும்பாலான ஆண்டறிக்கைகளில் இருக்கும். புதுத் தொழிற்சாலைக்கான சலுகை என்றால் சில ஆண்டு நீடிக்கும். பழைய நட்டத்தை ஈடுகட்டியது என்றால் அந்த நட்டம் தீரும் வரைதான். ஒத்திவைத்த வரியின் (பின்னால் கட்ட வேண்டிய வரி அல்லது பின்னால் கிடைக்கும் வரிச் சலுகையின்) மறுமதிப்பீடு என்றால் அந்த ஆண்டோடு சரி. இந்தக் கடைசி வகை எவ்வளவு பெரிதாக வரும் என்பதற்கு 2017 நல்ல உதாரணம். அமெரிக்கா நிறுவன வரியை 35 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்தது. எதிர்காலத்தில் வரி கட்ட வேண்டியிருந்த முதலீட்டு நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவேக்குச் சுமார் 2,900 கோடி டாலர் ஏட்டு லாபம். வரிச் சலுகையைச் சேர்த்து வைத்திருந்த சிட்டிகுரூப் வங்கிக்கோ சுமார் 2,200 கோடி டாலர் ஏட்டு நட்டம். அந்த ஆண்டையே அது நட்டத்தில் முடித்தது. இரண்டுமே அந்தத் தொழில்களின் சம்பாத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதே பெர்க்‌ஷயர் 2022இல் சுமார் 2,280 கோடி டாலர் நிகர நட்டம் காட்டியது. கையிலிருந்த பங்குகளின் சந்தை விலை இறங்கியதே காரணம். செயல்பாட்டு லாபம் அந்த ஆண்டு 3,000 கோடி டாலருக்கு மேல்.

"சிறப்பு இனங்கள்" என்று தனியே ஒதுக்குவதிலும் ஒரு கண் வையுங்கள். ஆள் குறைப்புச் செலவு ஐந்து ஆண்டில் நான்கு முறை சிறப்பு இனமாக வந்தால் அது சிறப்பு அல்ல, வாடிக்கை. ஐந்தாண்டுச் சிறப்பு இனங்களைக் கூட்டி ஐந்தால் வகுத்து, ஒவ்வோர் ஆண்டின் லாபத்திலும் கழித்துவிடுங்கள்.

வட்டியில் பார்க்க வேண்டியது தாங்கும் திறன். செயல்பாட்டு லாபத்தை வட்டியால் வகுத்தால் நம் நிறுவனத்தில் 5 மடங்காக இருந்தது 3 மடங்காகிவிட்டது. பங்கு ஒன்றுக்கான லாபத்தில், பங்காக மாறக்கூடிய எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட, நீர்த்த எண்ணை எடுங்கள். பல துணை நிறுவனங்கள் இருந்தால் ஒருங்கிணைந்த கணக்கைப் படியுங்கள். அதிலும் தாய் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு உரிய லாபம் என்ற வரியை. காலாண்டு அறிக்கையானால் போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

வங்கிக்கும் காப்பீட்டுக்கும் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. வங்கிக்கு வட்டிதான் சரக்கு. அங்கே நிகர வட்டி வருமானமும் வாராக் கடன் ஒதுக்கீடும்தான் கதை.

இனி வருமான அறிக்கையை விட்டு வெளியே வந்து செய்ய வேண்டிய இரண்டு சரிபார்ப்புகள். லாபம் பணமாக வந்ததா? ஐந்தாண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள், அதே ஐந்தாண்டுகளில் தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். தேய்மானம் ரொக்கச் செலவு அல்ல என்பதால் இரண்டாவது எண் பொதுவாகப் பெரிதாகவே இருக்க வேண்டும். பாதிகூட வரவில்லை என்றால் வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள். நம் நிறுவனத்தில் பாக்கி 120 கோடியிலிருந்து 210 கோடி ஆகியிருந்தால், 55 நாளில் வசூலானது இப்போது 77 நாள் ஆகிறது. ஆண்டுக் கடைசியில் தவணையைத் தளர்த்திச் சரக்கைத் தள்ளிவிட்டார்களோ என்ற சந்தேகம் நியாயமானது.

இரண்டாவது, எவ்வளவு முதல் போட்டு இந்த லாபம் வந்தது? மார்ஜின் மட்டும் லாபகரம் ஆகாது. உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் அமெரிக்கக் கடைத் தொடரான காஸ்ட்கோவின் 2023 நிதியாண்டில் மொத்த வருவாய் சுமார் 24,200 கோடி டாலர், செயல்பாட்டு லாபம் சுமார் 811 கோடி, மார்ஜின் 3.4 சதவீதம்தான். அந்த லாபத்திலும் பாதிக்கு மேல், சுமார் 458 கோடி டாலர் அளவுக்கு, உறுப்பினர் சந்தா இருக்கிறது. சரக்கில் அள்ளாமல், வேகமாகச் சுழற்றி, சந்தாவில் சம்பாதிக்கும் தொழில் அது. 3.4 சதவீதத்தை மட்டும் பார்த்து ஒதுக்கியிருந்தால் தப்புக் கணக்கு.

நம் நிறுவனத்தில் பங்குதாரர் பணமும் கடனும் சேர்ந்து போன ஆண்டு 600 கோடி, இந்த ஆண்டு 750 கோடி என்று வைத்தால், முதலீட்டின் மீதான செயல்பாட்டு லாபம் 16.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. புதிதாக 150 கோடி போட்டும் செயல்பாட்டு லாபம் 10 கோடி குறைந்ததுதான் மிச்சம். தேய்மானமும் வட்டியும் சேர்ந்து ஏறியிருப்பதால் புதுத் தொழிற்சாலை ஒன்று இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கலாம். அப்படியென்றால் உற்பத்தித் திறனில் எத்தனை சதவீதம் பயன்படுகிறது என்ற எண்ணைத் தேடுங்கள். அது காலாண்டுக்குக் காலாண்டு ஏறிக்கொண்டிருந்தால் 9 சதவீத மார்ஜின் தற்காலிகம். முழுத் திறனில் ஓடியும் 9 சதவீதம்தான் என்றால், அந்த 150 கோடியைப் போட்டதே தவறு.